மாடியில் ஜெபம், கீழே நாங்கள்

ஈப்போவில் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்ய நினைப்பவர்கள் பள்ளிக்கூட வேன் வைத்திருக்கக் கூடாது. மஞ்சள் வண்டி. இரண்டு பக்கமும் கறுப்பு எழுத்தில் ‘வான் செக்கோலா’. எந்தச் சந்து பொந்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். சிக்னலில் நின்றால் பக்கத்து மோட்டார் சைக்கிளிலிருந்து யாராவது ஒரு தாய், “என்னக்கா, இந்தப் பக்கம்?” என்பாள். ஈப்போவை ஒட்டிய செமோர் வட்டாரத்தில் என் சொந்தப் பெயர் வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிறது. நான் வேன் அக்கா. தாமான் என்கிற குடியிருப்புகளில் வீடு வீடாகப் பிள்ளைகளை ஏற்றி, பழைய ரப்பர் தோட்டத்துக்குள் இன்னும் நின்றுகொண்டிருக்கிற தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவது என் பிழைப்பு. ஜனங்கள் வெளியேறிவிட்டார்கள், ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பள்ளிக்கூடம் மட்டும் அங்கேயே இருக்கிறது. அதனால்தான் வேனுக்கு வேலை.

அந்த வேனில்தான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பட்டணத்துச் சர்ச் ஒன்றில் குடியை விட நினைப்பவர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். சர்ச் வாசலில் நிறுத்தத் தைரியம் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி, ஒரு சீனர் காப்பிக்கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, மழையில்லாத நேரத்தில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். மழையில்லாமல் குடை பிடித்துப் போகிற பொம்பளையைத்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அப்போது மூளையில் ஏறவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்.

பெண்பிள்ளை குடிப்பாளா என்று வாயைப் பிளப்பவர்கள் தோட்டத்தில் வளராதவர்கள். எங்கள் கள்ளுக்கடை வாசலில் ஆம்பளை வரிசை, பொம்பளை வரிசை இரண்டையும் பார்த்துத்தான் வளர்ந்தேன். அந்தப் பொம்பளைகளை எல்லோரும் ஒரே வார்த்தையில் ஏசுவார்கள். நானும் ஏசியிருக்கிறேன். மகளைக் கட்டிக்கொடுத்து ஜோகூருக்கு அனுப்பிய பிறகு, லூமுட்டில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் சனிக்கிழமை மட்டும் வந்து போகிற வீட்டில், சாயங்காலம் வேனைக் கழுவி நிறுத்திவிட்டு நான் என்ன செய்தேன் என்று கேட்க ஆளில்லை. முதலில் பீர். பிறகு சம்சு என்கிற மலிவான சாராயம். சின்ன போத்தல் வாங்கினால் பெரிய தப்பில்லை என்று நினைத்துச் சின்ன போத்தலாகவே பல வாங்கினேன். தெரிந்த கடையில் வாங்க மாட்டேன். எனக்கும் மானம் மரியாதை உண்டு. காலையில் ஒரு சொட்டும் தொட்டதில்லை என்று எனக்கு நானே நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். ராத்திரி குடித்தது விடிந்ததும் உடம்பைவிட்டு விடைபெற்றுப் போய்விடும் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு என்று காட்டியது ஒரு சின்னப் பெண். இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். அவள் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். கதவு திறக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். “இந்தப் புள்ளயோட அம்மாவுக்குத் தினமும் இதே கதைதான்லா!” என்று சத்தம் போட்டேன். எனக்குப் பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அக்கா, நா அப்பவே ஏறிட்டேனே.”

பிள்ளைகள் எல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவளைக் கண்ணாடியில் பார்த்தேன். பையை மடியில் வைத்து ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள். நான்தான் கதவைத் திறந்து ஏற்றியிருக்க வேண்டும். நான்தான் பெல்ட் மாட்டியிருக்க வேண்டும். பிறகு தாமானை ஒரு சுற்றுச் சுற்றி அதே வாசலுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். அதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. அப்படியானால் அதற்கு முன்னால் பெரிய ரோட்டை எப்படிக் கடந்தேன்? லாரி வந்ததா, சிக்னல் என்ன நிறம்? யோசிக்க யோசிக்க வெறும் இருட்டு. பிள்ளைகளை இறக்கிவிட்டுச் செம்பனைப் பாதையில் வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். அது குடியால் வந்த வாந்தி இல்லை.

வேன் ரிப்பேர் என்று எல்லாத் தாய்மாருக்கும் செய்தி அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். போனில் தமிழில் தேடினேன், ‘குடியை நிறுத்துவது எப்படி’ என்று. வந்ததெல்லாம் ஒரே விளம்பரம்: கணவருக்குத் தெரியாமல் இந்தப் பொடியைச் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள். பக்கம் பக்கமாகக் கணவர், கணவர். நான் யாருக்குத் தெரியாமல் யார் சோற்றில் கலப்பது? குடிக்கிறவன் என்றால் ஆம்பளை, அழுகிறவள் என்றால் பொம்பளை என்று போனுக்குக்கூட யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆத்திரத்தில் போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்தேன். பிறகு எடுத்து, தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் தேடியபோதுதான் ஒரு நம்பர் கிடைத்தது.

எடுத்தவர் வயதான சீனர் என்று குரலிலேயே தெரிந்தது. மலாயில் பேசினேன். என் வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன் என்றேன். அந்த மனிதர், சனிக்கிழமை இரண்டு பீரோடு எழுந்து போய்ப் படுத்துவிடுகிறவர். இந்தப் பழியைக் கேட்டிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். சீனர் குறுக்கே பேசாமல் கேட்டார். வியாழக்கிழமை சாயங்காலம், இன்ன சர்ச், படிக்கட்டுப் பக்கத்து அறை என்றார். நாங்கள் சர்ச்சைச் சேர்ந்தவர்கள் இல்லை, இடம் மட்டும்தான் அவர்களுடையது என்றார். அவரை டாக்டரிடமும் காட்டு, திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு ஆபத்து என்றார். அவர் பெயரைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். “நாமா தாக் பாயா-லா,” பெயரெல்லாம் வேண்டாம் என்றார். வைப்பதற்கு முன்னால், “அவருக்கு வர முடியாவிட்டால் நீ வா,” என்று சொன்னார். டாக்டரைப் பார்க்க நான் கமுந்திங் வரை போனேன். செமோர் கிளினிக்கில் எந்த நர்ஸ் எந்தப் பிள்ளைக்குச் சித்தியோ, யார் கண்டது?

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை குடையும் கையுமாகச் சர்ச் வளாகத்துக்குள் நுழைந்தேன். படிக்கட்டு கண்ணில் பட்டது. மேலேயிருந்து தமிழ்ப் பேச்சு கேட்டது. படியோரம் நிறைய செருப்புகள், எல்லாம் பொம்பளைச் செருப்பு. ஏறிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அறை நிறையத் தமிழ்ப் பெண்கள். இஸ்திரி போட்ட சேலை, பின்னிய கூந்தல், ஒருத்தி டீச்சர் மாதிரி மூக்குக்கண்ணாடி. அடேயப்பா, இத்தனை பேரா குடிக்கிறார்கள் என்று வியந்துபோனேன். இத்தனை வருடம் நான் ஒருத்திதான் என்று நினைத்து ஏங்கியதெல்லாம் வீண் என்று தோன்ற, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒருத்தி எழுந்து பேசினாள். தான் இருட்டில் கிடந்ததாகவும், எழுந்திருக்க முடியாமல் இருந்ததாகவும், வீட்டில் நிம்மதி இல்லாமல் போனதாகவும், இப்போது விடுதலை கிடைத்ததாகவும் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கே சொன்னதுபோல இருந்தது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். மூக்குக்கண்ணாடிக்காரி என்னைப் பார்த்துச் சிரித்து, “புதுசா வந்திருக்கிற சிஸ்டர், நீங்களும் ஒரு சாட்சி சொல்லுங்களேன்,” என்றாள்.

சாட்சி என்றால் எனக்குத் தெரிந்தது கோர்ட்டும் போலீசும்தான். ஆனாலும் எழுந்து நின்றேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தெரியும். “நா...” என்று வாயைத் திறந்தேன். முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது.

“அடியே, நீயா! ஆண்டவரே, நம்ம தோட்டத்துப் புள்ளலா இது!”

எங்கள் தோட்டத்தில் நாலு வீடு தள்ளியிருந்த அக்கா. அந்தக் காலத்திலேயே அவர்கள் வீடு வேதக்கார வீடு. என் வாய் அப்படியே நின்றது. அப்போதுதான் எல்லோர் மடியிலும் இருந்த புத்தகம் கண்ணில் பட்டது, சுவரில் இருந்த சிலுவை கண்ணில் பட்டது. இவ்வளவு நேரம் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. இது தமிழ் ஜெபக்கூட்டம். “சும்மா... பாக்கலாம்னு வந்தேன்,” என்றேன். அறை முழுக்க அல்லேலூயா எழும்பியது. அந்த அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நாலைந்து கைகள் என் தலைமேல். எல்லோரும் எனக்காக ஜெபித்தார்கள், நல்ல மனசோடுதான் ஜெபித்தார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒரே எண்ணம்: இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாளைக்குச் செமோர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

பாத்ரூம் என்று சொல்லி நழுவிக் கீழே வந்தேன். வீட்டுக்கு ஓடிவிடுவதாகத்தான் இருந்தேன். படிக்கட்டுக்கு அடியில், பாதி திறந்த ஒரு கதவு. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி, பிஸ்கட் டின், தேத்தண்ணி. போனில் கேட்ட குரல் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர், “உன் வீட்டுக்காரர் வரவில்லையா?” என்று மலாயில் கேட்டார். வேனில் இருக்கிறார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. “இல்லை. நான்தான்,” என்றேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். எதிரே ஒரு தமிழர். ஃபேக்டரிச் சட்டை, நெற்றியில் விபூதிக் கீற்று. சீனரையோ பக்கத்தில் இருந்த சர்தார்ஜியையோ கண்டு எனக்குப் பயமில்லை, அவர்கள் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார்கள். நம்மாளைக் கண்டால்தான் குலை நடுங்கும். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைவிட அதிகமாகப் பயந்துபோய் இருந்தார்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள், பாதி மலாய், பாதி இங்கிலீஷ். பேசத் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தான் யார் என்று சொன்னார்கள். சீனர் தன்னை ‘காக்கி போத்தோல்’ என்றார். போத்தலே கதி என்று கிடப்பவரை மலாயில் அப்படித்தான் சொல்வது. என் முறை வந்தது. தமிழில் அதைச் சொல்ல ஒரு வார்த்தைதான் இருக்கிறது. தோட்டத்து லயத்து வீடுகளில், முடியைப் பிடித்து இழுக்கும்போது சொல்கிற வார்த்தை அது. அதை என் வாயால் சொல்ல முடியாது. “சாயா காக்கி போத்தோல்,” நான் காக்கி போத்தோல் என்று மலாயிலேயே சொன்னேன். வலிக்கவே இல்லை. பாசாரில் மீன் விலை சொல்வதுபோல வந்துவிட்டது. அதில் ஒரு திருட்டுத்தனம் இருப்பது அப்போதே எனக்குத் தெரிந்தது.

முடிந்ததும் தேத்தண்ணி ஊற்றுகிற இடத்தில் அந்தத் தமிழர் பக்கத்தில் வந்து நின்றார். ரொம்ப நேரம் தயங்கி, “அக்கா எந்தத் தோ...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இந்த ஊரில் இரண்டு தமிழர் சந்தித்தால் முதல் கேள்வி எந்தத் தோட்டம் என்பதுதான். தோட்டங்கள் போனாலும் கேள்வி போகவில்லை. இரண்டாவது கேள்வியில் கங்காணி யார் என்று வரும். மூன்றாவது கேள்வியில் அவர் அண்ணிக்கு என் சித்தப்பா ஒன்றுவிட்ட மாமாவாகிவிடுவார். பெயரில்லாத கூட்டம் சீனருக்குச் சரி. எங்களுக்குப் பெயர் எதற்கு, தோட்டத்தைச் சொன்னால் ஜாதகமே வந்துவிடும்.

“கேக்காதீங்க அண்ணே,” என்றேன். “நானும் கேக்க மாட்டேன்.”

“கேக்கவே மாட்டேன் அக்கா. தாமான்கூட கேக்க மாட்டேன்,” என்றார். அன்றிலிருந்து நாங்கள் மழையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

வியாழன்தோறும் போனேன். ஒரு வாரம் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை சோதித்தும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் தானாகக் கடைப்பக்கம் நடந்தது, வாங்கிக் குடித்தேன். சனிக்கிழமை காலை வேன் ஓட்ட வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு வியாழக்கிழமையை விடவில்லை.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மாடியில் என்னைக் கட்டிக்கொண்ட அக்கா, பாவம், சந்தோஷத்தில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். மாதம் திரும்புவதற்குள் வேன் அக்கா மதம் மாறிவிட்டாள் என்று செய்தி. கோயிலில் விளக்குப் பூசைக்குப் போனால் பக்கத்தில் இருந்தவள் தட்டை நகர்த்தி வைத்தாள். தாய்மார் குழுவில் ஒருத்தி, ‘வேன்ல புள்ளைங்களுக்கு இயேசு பாட்டு போடுறாங்களாம்’ என்று எழுதினாள். நான் போடுவது ரேடியோ. ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளையும் வேறு வேனுக்கு மாற்றிக்கொண்டது.

நான் மறுக்கவில்லை. மறுத்தால் அப்புறம் வியாழக்கிழமை அங்கே என்ன வேலை என்று கேட்பார்களே. மாறிவிட்டேன் என்றால் ஏசுவார்கள். குடிக்கிறேன் என்றால் ஒரு பிள்ளைகூட வேனில் ஏறாது. இப்படி ஒரு பொய் எனக்கு அமைந்ததே, நான் உண்டாக்காமல் தானாக முளைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அதற்குள் பதுங்கிக்கொண்டேன். வீட்டில் தினமும் சாமி விளக்கு ஏற்றிவிட்டு, முருகா, நீ கோபித்துக்கொள்ளாதே, உனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.

வீட்டுக்காரருக்கும் செய்தி எட்டியது. லூமுட்டிலிருந்து கூப்பிட்டார்.

“சர்ச்சுக்குப் போறியாம்ல?”

“ஆமா,” என்றேன். திட்டுக்குக் காத்திருந்தேன்.

பிறகு, “சரி போ. குடிக்காம இருந்தா எந்தச் சாமியா இருந்தா என்னலா,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதருக்குத் தெரியும். எப்போதிலிருந்து என்று தெரியாது. துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்த காலிப் போத்தல்கள் சில சமயம் குறைவதுபோல இருக்கும். நானே எறிந்துவிட்டு மறந்தேன் என்று நினைப்பேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. இவருக்குத் தெரியுமென்றால் இன்னும் யார் யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் தாய்மார் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்தப் பயம் பலித்தது. ஒரு புதன்கிழமை மத்தியானம், வேனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஏறிவிட்டேனே என்று சொன்ன அந்தப் பெண்ணின் அம்மா. ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள். பின்னால் சின்னவள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாள். மகளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஜெபக்கூட்டத்துக்குப் போற அக்கா எங்க மாமியாருக்குத் தெரிஞ்சவங்க. நீங்க ஒருநாதான் மேல வந்தீங்களாம். அப்புறம் வரவே இல்லயாம். ஆனா வியாழன் வியாழன் உங்க வேன் காப்பிக்கடைக்குப் பின்னால நிக்குது. நானே பாத்தேன்.”

நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

“ஒடம்புக்கு ஏதாச்சுமாக்கா?” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “அன்னிக்கு இவ ஏறின பின்னாடியும் வாசல்ல ஹாரன் அடிச்சீங்களாம். வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சா. எங்க அம்மாவுக்கும் மூளையில கட்டி வந்தப்ப இப்படித்தான் மறதி இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத்தான் போறீங்களா? சொல்லுங்கக்கா, நா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

எவ்வளவு நல்ல பொய். கட்டி. மருத்துவம். அவளே செய்து, அவளே பரிமாறி, கையில் கொடுக்கிறாள். ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவளுக்குப் பின்னால் சின்னவள் பொழுதுபோகாமல் ஹாரனை அழுத்தினாள். அம்மா திரும்பி அதட்டினாள். மறுபடி என்னைப் பார்த்தபோது அவள் கண்ணில் ஈரம். எனக்காக ஈரம்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“கட்டி இல்லம்மா,” என்றேன். “நா குடிகாரி.”

சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு ஓரடி பின்னால் போனாள். “அன்னிக்குமா?”

“மொதநாள் ராத்திரி குடிச்சது. அதுக்கப்புறம் நிறுத்தத்தான் அங்க போறேன். கீழ ஒரு ரூம்ல.”

“எம்புள்ளய வெச்சுக்கிட்டு?”

அறைவாள் என்று எதிர்பார்த்தேன்; அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினாள். சின்னவள் திரும்பி எனக்கு டாட்டா காட்டினாள்.

மறுநாள் காலை அந்த வாசல் பூட்டிக் கிடந்தது. அடுத்த வாசலில் யார் யார் காத்திருப்பார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் வழக்கம்போல ஏறினார்கள். அந்தத் தாய் யாரிடமும் சொல்லவில்லை. அல்லது இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். விபூதிக்காரர் வெளிறிப்போய், “அக்கா, உங்கள வெச்சு என்னையும் கண்டுபிடிச்சிருவாங்களா?” என்று கேட்டார். கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. நானும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அடுத்த வாரம் முழுக்க அந்தத் தெருவை மெதுவாகக் கடந்தேன். மழை பெய்த ஒரு காலை, அவள் மகளோடு கேட்டுக்கு வெளியே நின்றாள். ஷிஃப்ட் மாறி, மகளைத் தானே கொண்டுபோய் விட முடியாமல் போயிருக்கும்; வேறு வேன் அந்தத் தெருவுக்கு வராது, எனக்குத் தெரியும். வேனை நிறுத்தினேன். அவள் பிள்ளையை ஏற்றவில்லை. என் பக்கம் சுற்றி வந்து கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினேன். தலையை உள்ளே நீட்டி, “ஊதுங்க,” என்றாள்.

ஊதினேன். கண்ணை மூடி முகர்ந்தாள். பிறகு போய்க் கதவைத் திறந்து மகளை ஏற்றினாள்.

அன்றிலிருந்து தினமும் இதுதான். பின்னால் இருக்கும் பிள்ளைகள் அந்த ஆண்ட்டி எனக்கு ஏதோ ரகசியம் சொல்வதாக நினைக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரிகூட, “அப்படி என்னக்கா ரெண்டு பேருக்கும் குசுகுசு?” என்று கேட்டாள். குடிக்காமல் விடிந்த காலையிலும், முந்தைய சாயங்காலம் வியாழக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்த காலையிலும், அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது வேன் வேகத்தை என்னை அறியாமல் குறைத்துவிடுவேன். குற்றம் செய்யாதபோதும் பயம் வரும் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. அவள் ஒருநாளும் தவறியதில்லை.

போன மாதம் ஒரு காலை அவளுக்குக் கடுமையான சளி. மூக்கு சிவந்து, கண் வீங்கி, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் வழக்கம்போலக் கண்ணாடியை இறக்கி ஊதினேன். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். நிமிர்ந்து, “ஒண்ணும் தெரியலக்கா. மூக்கு அடைச்சிருக்கு,” என்றாள்.

சின்னவள் பையைத் தோளில் மாட்டி, கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

“நேத்து குடிச்சீங்களா?”

“இல்லம்மா.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமோ. பிறகு கதவைத் திறந்து, மகளைத் தூக்கி உள்ளே உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டினாள்.

“சரி. போங்க,” என்றாள்.

பெரிய ரோட்டுக்கு வரும்வரை தாங்கினேன். பிறகு கண்ணாடியில் சின்னவளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூட வாசல் வரை மெதுவாக ஓட்டினேன்; நான் சொன்னது உண்மைதான், ஆனால் என் வாய்ச்சொல் ஒன்றை மட்டும் நம்பி அவள் அம்மா அவளை ஏற்றியிருந்தாள். ஊதச் சொன்ன எந்தக் காலையிலும் நான் அப்படிப் பயந்ததில்லை.